வண்டி ஆணியில் ஒரு காக்கிச் சட்டை

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஆதார் அட்டை இரண்டு குறைத்துச் சொல்கிறது. அது அட்டை செய்த தப்பு. பெற்றது மூன்று, தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு, ஆக வளர்த்தது ஐந்து. ஐந்து பேரையும் ஒரு இஸ்திரி வண்டியின் பின்னால் நின்றுதான் வளர்த்தேன். யாரிடமும் போய்க் கை நீட்டவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத் தெரு, ஒருவழிப் பாதை. அதன் முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் என் வண்டி நின்றது. முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தேன்.

எங்கள் இஸ்திரி வண்டிக்காரர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, "ஆயா, புதுசா வண்டி போட்டுக்கினு கீறவங்களுக்கு எதனா சொல்லு, ஆண்டு மலர்ல போடுறோம்" என்றார்கள். எனக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு எழுத்து தெரியும். கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் கிடையாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் அடிக்கிறாள். நான் பேசுகிற மாதிரியே அடிக்க மாட்டாளாம், புத்தகத் தமிழில்தான் அடிப்பாளாம். சரி, அடி என்றேன்.

கரிப் பெட்டி நல்லதா, கேஸ் பெட்டி நல்லதா, பட்டுப்புடவைக்கு எவ்வளவு சூடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கை சுட்டால் தானாகத் தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது காக்கித் துணியைப் பற்றி. அதில் சுட்டால் லேசில் தெரியாது.

காக்கிக்கு நாம் காசு வாங்குவதில்லை. எத்தனை வீட்டு மூட்டை காத்துக்கொண்டிருந்தாலும் காக்கிதான் முதலில் பலகையில் ஏறும். இவை இரண்டும் அவர்கள் வைத்த வழக்கம். இன்னொன்று இருக்கிறது, அது நாமே வைத்துக்கொண்டது. தேய்த்து முடித்த காக்கிச் சட்டையை ஹேங்கரில் மாட்டி, வண்டியின் வெளிப்பக்க ஆணியில், தெருவைப் பார்க்கத் தொங்கவிடுவோம். குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவன் அதைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவான். நடைபாதையைக் காலி பண்ணு என்று வருகிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். வண்டி போட்ட புதிதில் பக்கத்துத் தெருக்காரி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒருவர் மட்டும் இதற்கு ஒப்பவில்லை. வயதான ஏட்டு அவர்.

"இன்னாம்மா, என் சட்டைய சோளக்கொல்ல பொம்ம கணக்கா தொங்கவுட்டுகினு கீற?"

"உங்க சட்ட தொங்குனா நமக்கு ஒரு காவலு ஏட்டய்யா."

"காவல் வேணும்னா கூப்புடு, நான் வரேன். சட்டைய எடுத்து உள்ள வை."

எனக்குக் கோபம். ஒரு ஆணியில் தொங்கினால் இவருக்கு என்ன குறைந்துபோகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் ஒரு ஆள் வந்து என் மூட்டைகளைத் தெருவில் இழுத்துப் போட்டு ரகளை பண்ணினான். ஏட்டய்யாவைக் கூப்பிட ஆளனுப்பினேன். லுங்கியோடு வந்தார். தோளில் துண்டு, முகத்தில் பாதி சவரம். "வாடா இங்க" என்றார், அவ்வளவுதான். வந்தவன் மூட்டைகளை எல்லாம் பொறுக்கி வண்டியில் வைத்துவிட்டுத்தான் போனான். போலீஸ்காரர் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பாதி சவரம்தான் கண்ணுக்கு வரும்.

எல்லாரும் அப்படி வாய்ப்பதில்லை. தீபாவளி சமயத்தில் ஒரு போலீஸ்காரர் வீட்டு மூட்டை வந்தது. மேலே ஒரே ஒரு காக்கிச் சட்டை. அதை எடுத்தால் அடியில் அவர் சம்சாரத்துப் பட்டு, மாமியார் பட்டு, கொழுந்தியாள் பட்டு, குழந்தைகளின் பாவாடை சட்டை எல்லாம். "எல்லாம் ஸ்டேஷன் துணிதாம்மா, சீக்கிரம்" என்றார். "கொழுந்தியாவும் டூட்டி பாக்குறாங்களா சார்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். காக்கியை முதலில் தேய்த்தேன். பட்டெல்லாம் மற்ற வீட்டு மூட்டைகளுக்குப் பின்னால்தான் பலகை ஏறியது.

இதெல்லாம் தெருவுக்கும் தெரியும். துணி கொடுக்க வருகிறவர்கள் என் வண்டியில் சாய்ந்துகொண்டு போலீஸ்காரர்களைத் திட்டாத நாள் கிடையாது. ஹெல்மெட் இல்லை என்று நம்மைப் பிடிக்கிறான், அவன் ஹெல்மெட் இல்லாமல் எதிர்ப்பக்கமாக வருகிறான் என்பார்கள். சொந்தக் காரில் போலீஸ் என்று ஒட்டிக்கொண்டு கேட்டை மறித்து நிறுத்துகிறான் என்பார்கள். திட்டி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ராணிம்மா, உங்களுக்கு ஸ்டேஷன்ல தெரிஞ்சவங்க இருக்காங்கல்ல? பையன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்பார்கள். நான் மடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். அலுத்துப்போகும்.

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒரு எஸ்.ஐ. வந்தார். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அவருடைய துணியை எடுத்துக்கொண்டு வந்து போவது அவர் மச்சான், சம்சாரத்தின் தம்பி. நிலம் வாங்கி விற்கிற புரோக்கர். வெள்ளைக் காரில் கொட்டிவாக்கத்துக்கும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருப்பார்.

தேய்க்க வருகிற காக்கிச் சட்டையில் தோள் நட்சத்திரமோ பெயர்ப்பட்டையோ இருக்காது, கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். இந்த மச்சான், தேய்த்த சட்டை ஒன்றை வாங்கியதும் பாக்கெட்டிலிருந்து நட்சத்திரத்தையும் பட்டையையும் எடுத்து என் பலகையிலேயே வைத்துக் குத்துவார். குத்தி, காரின் பின் ஜன்னலில், வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக்கொள்வார்.

"இத போட்டுகினு மாமா டூட்டிக்குப் போவணுமே தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாமாவுக்கு வேற கீது ஆயா. இதான் என் டோல்கேட் பாஸு. எவனும் கைய காட்ட மாட்டான்."

வெளிப்பக்க ஆணியில் காக்கி மாட்டி வைத்திருக்கிறவள் அவரை என்ன சொல்வது?

ஒரு நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அந்த வெள்ளைக் கார் ஒருவழிப் பாதையில் எதிர்ப்புறமாக உள்ளே நுழைந்தது. கோமதி டீச்சர் தன் ஸ்கூட்டியில் சரியான வழியில்தான் வந்தார். அதே தெருவில் நாலாவது வீடு, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், என் பழைய வாடிக்கை. கார் அவரை இடித்தது. நான் பார்த்தேன். டீச்சர் கீழே, கால் மேல் வண்டி.

நான் பெட்டியை நிமிர்த்தி வைப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மச்சான் இறங்கியதும் விழுந்தவரைப் பார்க்கவில்லை. "தள்ளு தள்ளு, போலீஸ் வண்டி, மறிக்காத" என்றார்.

ஆட்டோக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "நான் ஒன்வேல பூந்தா ஃபைனு, நீ பூந்தா டூட்டியா? எந்த ஸ்டேஷன்? ஐடிய காட்டு."

"சட்ட தொங்குதுல்ல, கண்ணு தெரியல?"

"சட்ட தொங்குது. நீ டீ-சர்ட்டுல கீறியே நைனா!"

டீச்சரின் வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "ஒரு சட்டைய மாட்டிண்டா ரோடே உங்காத்து ரோடாயிடுமா? மனுஷாளா நீங்கள்லாம்?"

எல்லாரும் டீச்சரைத் தூக்கி இன்னொரு ஆட்டோவில் ஏற்றுகிற மும்முரத்தில் இருந்தார்கள். வீட்டுக்காரரும் கூட ஏறிக்கொண்டார், ஆட்டோ ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அந்த இடைவெளியில் மச்சான் காரின் பின்கதவைத் திறந்து சட்டையை உருவிக்கொண்டு மரத்துக்கு இந்தப் பக்கமாக வந்தார். என் வெளிப்பக்க ஆணியில் மாட்டினார்.

"ஆயா, இது நேத்து தேய்க்கக் குடுத்த சட்ட. புரியுதா? நேத்து."

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. திரும்பிப் போய், இரண்டு கையையும் விரித்து, "இன்னா சட்ட? எங்க கீது சட்ட?" என்று கூட்டத்திடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எஸ்.ஐ. பைக்கில் வந்து இறங்கினார். மச்சானோடு கண்ணால் ஏதோ பேசினார். "அந்தம்மா தானா ஸ்லிப் ஆகி விழுந்திருக்காங்க. கலைங்க, கலைங்க."

"காக்கிய மாட்டிகினு ராங்குல வந்தான் சார், நாங்க பாத்தோம்!"

"எந்தக் காக்கி? என் சட்டையெல்லாம் அயர்ன் வண்டில இருக்கு. வேணும்னா அந்த ஆயாவ கேளுங்க."

தெரு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கையில் போன் வைத்திருந்தவர்கள் போனையும் என் பக்கம் திருப்பினார்கள்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். யோசிக்க நேரம் இருக்காது, ஆனால் யோசித்தாக வேண்டும். நான் யோசித்தது இதுதான்: என் மரத்தடி இந்த எஸ்.ஐ.யின் தயவில் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மரம் எனக்கு, தப்பு டீச்சருக்கு. இல்லை என்று கத்தினால் கூட்டம் மச்சான் மேல் பாயும், அடிதடி ஆகும், கடைசியில் போலீஸ்காரரை அடித்தார்கள் என்று ஆட்டோக்காரர்மேல் கேஸ் ஆகும். ஆகவே நான் கத்தவில்லை. தேய்த்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை. அந்த வேலையைத்தான் செய்தேன்.

சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, நடுத்தெருவில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இந்தாங்க சார், உங்க சட்ட. உங்க மச்சான் இப்பத்தான் கார்லேந்து எடுத்தாந்து மாட்டினாரு. தேய்க்கக் குடுத்தா பேர்ப்பட்டைய கயட்டிட்டு குடுங்க சார். பெட்டி பட்டா உருகிப்பூடும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் கை தட்டினார்கள். பெயர்ப்பட்டை வெயிலில் பளபளவென்று இருந்தது, எல்லாப் போனும் அதன்மேல். எஸ்.ஐ. சட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. நான் அதை அவர் பைக் சீட்டில் மடிப்பு கலையாமல் வைத்துவிட்டு வந்து அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.

மறுநாள் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள், வாக்குமூலம் கொடுக்க. கை தட்டியவர்களில் இரண்டு பேரைக் கூட வரச் சொல்லிக் கேட்டேன். ஒருவர், பேங்கில் ஒரு வேலை இருக்கிறது என்றார். இன்னொருவர், "நீங்க தைரியமா போங்க ராணிம்மா, நாங்க இருக்கோம்" என்றார். இருந்தார்கள், அவரவர் வீட்டில். டீச்சரின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். நான் மட்டும் போனேன்.

ஸ்டேஷனில் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். என்ன நடந்தது என்று அவர் கேட்டார், சொன்னேன். எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு ஆயா."

"படிச்சுக் காட்டுங்க சார்."

படித்தார். நான் சொன்னதைத்தான் படித்தார். கார் எதிர்ப்பக்கம் வந்தது, டீச்சரை இடித்தது, மச்சான் சட்டையைக் கொண்டுவந்து மாட்டினார், எல்லாம். ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் திக்கித் திக்கிச் சொன்னதை அவர் திக்காமல் படித்தார். காகிதத்தைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

துணி வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்காரர்கள் ஒருதரம் எண்ணுவார்கள், நாம் ஒருதரம் எண்ணுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் மூட்டை கட்டுவோம். ஒரே ஆள் இரண்டு தரம் எண்ணினால் அதை எண்ணிக்கை என்று சொல்ல மாட்டோம். பக்கத்து மேசையில் ஒரு பெண் போலீஸ், செல்வி என்று பெயர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண். அவளைக் காட்டி, "இந்தப் பொண்ணு ஒரு வாட்டி படிக்கட்டும் சார்" என்றேன்.

"இன்னா ஆயா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்றியா?"

"ஐய, உங்களுக்குத் தெரியும் சார். எனக்குத்தான் தெரியாது. தெரியாதவளுக்கு ரெண்டு பேரு படிச்சாத்தான் மனசுல நிக்கும்."

அவர் காகிதத்தை எடுக்கவில்லை. நானே எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்தேன். செல்வி ரைட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து படிக்க ஆரம்பித்தாள். "மேற்படி சட்டை முந்தைய நாள் இஸ்திரிக்காகக் கொடுக்கப்பட்டு என் வண்டியில் இருந்தது. மேற்படி கோமதி என்பவர் தானாக நிலைதடுமாறி விழுந்ததை நான் நேரில் கண்டேன்." போகப்போக அவள் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"இது என் மூட்ட இல்ல சார்" என்றேன். "வேற ஊட்டு மூட்ட."

ரைட்டர் குரல் மாறியது. "மரத்தடியில நாளைக்கு வண்டி நிக்கணுமா, வாணாமா?"

"நிக்கணும்தான் சார். அதுக்காவ டீச்சர் தானா வுழுந்தாங்கன்னு சொல்ல முடியாது."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போகச் சொன்னார்கள், போகவில்லை. மிரட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன். நம் தொழிலில் நின்று நின்று பழகிய காலுக்கு உட்காரச் சொன்னால் அது தண்டனையா?

வெயில் இறங்கிய நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் நான் சட்டையைக் கையில் ஏந்தி நிற்கிற படம் அடையாறு, தி.நகர் வரை எல்லார் போனிலும் சுற்றிவிட்டதாம். அவருக்கு அவர் கவலை. காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார், கிழித்தார், "ஆயா சொல்றத எழுதுய்யா" என்றார். மறுபடி எழுதினார்கள். ரைட்டர் ஒருதரம் படித்தார், செல்வி ஒருதரம் படித்தாள். ஒத்துப்போனது. ஒவ்வொரு எழுத்தாக என் பெயரைப் போட்டேன். அதுவரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மச்சான்மேல் கேஸ் எழுதினார்கள். எஸ்.ஐ.யை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள், அங்கேயும் அவருக்குச் சட்டை தேய்க்க ஒரு வண்டி இருக்கும். டீச்சர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்.

என் வண்டியை நடைபாதை ஆக்கிரமிப்பு என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தனை வருஷமாக ஆக்கிரமிப்பாகத் தெரியாதது அந்த வாரம் தெரிந்துவிட்டது. தெருவே வந்து பாவம் என்றது. துணியை மட்டும் அடுத்த தெருவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவர்களையும் சொல்ல முடியாது, காலையில் ஆபீஸுக்குச் சட்டை வேண்டும்.

டீச்சரின் வீட்டுக்காரர்தான் வந்தார். "எங்காத்து கேட்டுக்குள்ள போட்டுக்கோங்கோ ராணிம்மா. எவன் வந்து கேக்கறான்னு பாத்துடறேன்." வண்டியை மீட்டு அங்கே போட்டேன். கேட்டுக்கு உள்ளே நிற்கிற வண்டி போகிற வருகிறவர் கண்ணில் படாது, பாதி வாடிக்கை போயிற்று. முட்டி நிறுத்தச் சொல்லும் வரை அங்கேதான் தேய்த்தேன்.

செல்வியை ஸ்டேஷனுக்குள் உட்கார விடவில்லை. எங்கே கூட்டமோ, எங்கே வெயிலோ, அங்கே நிற்கிற பந்தோபஸ்து வேலைதான். மயிலாப்பூரில் தேர் அன்றைக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தேன். முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்னால உனக்குத்தான் கஷ்டம் கண்ணு" என்றேன்.

"வுடுங்க ஆயா. எனக்குப் படிக்கத் தெரியும், படிச்சேன்" என்றாள்.

அதற்கு மேல் பேச நேரம் இல்லை, கூட்டம் தள்ளியது.

என்னை மாதிரி செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கு வளர்க்க வேண்டியவர்கள் வளர்ந்து முடிந்திருந்தார்கள். உங்களில் பலருக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மரத்தடி போனால் சோறு போகும். எது முடியும், எது முடியாது என்பது அவரவருக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் எல்லாராலும் முடியும். உங்கள் பெயரில் எந்தக் காகிதம் வந்தாலும், அவசரம் என்று யார் குதித்தாலும், இரண்டு பேரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள். படித்தவர்களும்தான்.

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். இப்போது பேத்தியிடம், அடித்ததை எல்லாம் முதலிலிருந்து படித்துக் காட்டு, மெதுவாகப் படி என்கிறேன். படித்து முடித்ததும் போனை உன் அம்மாவிடம் கொடு, அவளும் ஒருதரம் படிக்கட்டும் என்கிறேன்.

"இன்னா ஆயா, என்னையே நம்ப மாட்டியா?"

"நம்புறேன் கண்ணு. நீ படி. அப்பறம் அவ படிக்கட்டும்."